மூடி அண்ணனும் இரண்டு இரும்புத் தட்டுகளும்

மூடி அண்ணனைப் போல ஓர் அடுப்பைக் காதலித்த ஆம்பளை ஆசியாவிலும் கிடையாது, ஐரோப்பாவிலும் கிடையாது. சத்தியம் செய்து சொல்வேன். அந்தக் காதலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தவன் நான்.

2003-ல் ஜெர்மனியில் இருக்கும் ஆஹெனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனேன். ஒரு பழைய வீட்டின் மாடியில் எனக்கு ஓர் அறை, பக்கத்தில் அண்ணனுக்கு ஓர் அறை, இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அதில் வீட்டுக்கார அம்மாள் விட்டுவைத்திருந்த வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று, பீரோவைப் படுக்கப்போட்ட சைஸில் இருந்தது. எண்ணெயில் எரியும். இரவு பகல் அணைப்பதே கிடையாது. மேலே இரண்டு கனத்த வட்டத் தட்டுகள். இடது தட்டில் கொதிக்கவைக்கலாம், வலது தட்டில் மெதுவாக வேகவைக்கலாம். தட்டுக்கு ஒன்றாக இரண்டு மூடிகள். மூடி வைத்தால் இரும்புக்குள் சூடு சேரும், திறந்து வைத்தால் போய்விடும். விஷயம் அவ்வளவுதான். இதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா?

அண்ணன் கோயம்புத்தூர்க்காரர். அப்பா இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருந்தார். இவர் இங்கே உலோகவியலில் பிஎச்.டி. நிஜப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. நான் போய் இறங்கிய அன்று "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெட்டியிலிருந்த பிரஷர் குக்கரை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஸ்கேலை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அடி வளைஞ்சிருக்குதுங்களே. தட்டுல ஒட்டி உக்காராதுங்க. சூடே ஏறாதுங்க."

"அண்ணே, எங்க அம்மா ஆசையா வாங்கிக் குடுத்ததுண்ணே."

"அம்மா மேல தப்பில்லீங்க."

இரண்டு நாள் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து அடியைச் சமமாக்கினார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறில்லை.

பிறகு ஆரம்பித்தது மூடி விவகாரம். பாலைத் தூக்கி இறக்குவதற்குள் "மூடி!" என்று ஒரு குரல் வரும். அவர் குளியலறையில் இருந்தாலும் வரும், ஷேவிங் நுரையோடும் வரும். சாம்பாரில் உப்பு பார்க்க ஐந்து விநாடி எடுத்துக்கொண்டால், "சூடு போகுதுங்க தம்பி, சூடு போகுதுங்க" என்று ஏதோ வீட்டிலிருந்து சவம் போகிற மாதிரி குரல் தழுதழுக்கும். கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் குறையாது. மரியாதையாகத் திட்டுகிறவரை எப்படித் திருப்பித் திட்டுவது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, "தோசைக்கல் எங்கண்ணே?" என்றேன். "எதுக்க இருக்குதுங்களே" என்றார். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, வலது தட்டின் மேலேயே ஒரு சுற்று தேய்த்தார். மாவை ஊற்றி மூடியை இறக்கினார். அப்படி ஒரு முறுகலை நான் மதுரையிலும் சாப்பிட்டதில்லை.

அதற்கு நன்றிக்கடனாக நான் ஒரு காரியம் செய்தேன். அவர் ஊரில் இல்லாத ஒரு நாள், மூடியைத் திறந்து ஆறவிட்டு, கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்த தட்டைப் புளியும் சோப்பும் போட்டு, எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி பளபளவென்று தேய்த்து வைத்தேன். மறுநாள் துரு பூத்துவிட்டது. தோசையைச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. தட்டைத் தடவிக்கொண்டே, "அந்தக் கறுப்பு அழுக்கில்லீங்க தம்பி. அது எண்ணெய் ஊறி ஊறி வந்ததுங்க" என்றார். பிறகு ஒரு வாரம் மெல்லிசாக எண்ணெய் பூசிக் காயவிட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பரீட்சை வந்தது. மெக்கானிக்ஸ் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். மூன்று தடவை தோற்றால் படிப்பே போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இது இரண்டாவது. முந்தின நாள் முழுக்க நடுக்கத்தில் படித்துக்கொண்டிருந்ததில், சாக்ஸ் காயட்டும் என்று இரண்டு மூடியையும் திறந்து போட்டவன், திரும்ப மூட மறந்தே போனேன்.

காலையில் காபி போடப் போனால் அண்ணன் அடுப்புக்குக் காவல் நின்றார். சூடு காட்டும் முள் அடியில் கிடந்தது.

"முள்ளு ஏறட்டுமுங்க. மத்தியானம் வரைக்கும் மூடியத் தொடக் கூடாதுங்க."

"எனக்கு எக்ஸாம்ணே! ஒரு டம்ளர் காபிண்ணே!"

"இப்பத் தொறந்தா இன்னும் எறங்கிடுமுங்க."

"உங்க அடுப்பையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டு, பச்சைப் பாலைக் குடித்துவிட்டு ஓடினேன்.

ஃபெயில். கேள்வி கேட்டவர் முடிவையும் அங்கேயே சொல்லிவிட்டார். பஸ் ஏற மனசில்லாமல் ஆலங்கட்டி மழையில் நடந்தே வந்தேன். வரும் வழியெல்லாம் பழியை அண்ணன் மேல்தான் போட்டேன். காபி குடித்திருந்தால் பாஸாகியிருப்பேன், இன்றைக்கு அவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

அடுப்பருகே நின்றிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். இடது மூடியைத் தூக்கி நிறுத்தினார். வலது மூடியையும் தூக்கி நிறுத்தினார். நாற்காலியை அடுப்போரம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி. கையக் காட்டுங்க."

இரண்டு தட்டுகளிலிருந்தும் சூடு முகத்தில் வந்து அடித்தது. காலையிலிருந்து அவர் காவல் காத்துச் சேர்த்த சூடு. கையை நீட்டினேன், அழுகை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அழுதேனோ, தெரியாது. முள் சரசரவென்று இறங்குவது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, அடுப்பு ஆறிப்போகுதுண்ணே" என்றேன்.

"ஆறட்டுமுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் வெறும் பிரெட்டைத் தின்றோம். மூன்றாவது தடவை நான் பாஸாகிவிட்டேன். ஆனால் அந்த மனுஷனைத் திட்ட இன்று வரை எனக்கு வாய் வரவில்லை.