அரைக் கத்தரிக்கோல்

ஒரு காட்டில் வாசற்காவலுக்கு ஓர் ஆமை இருந்தது. சட்டம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு டோக்கனுக்கு ஓர் உடம்பு. ஆயுதம் உள்ளே வரக்கூடாது.

உள்ளே ஒரு காட்டுக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் குஞ்சுகள் மேல் ஆறு நரிகளுக்குக் கண். கிடைத்ததோ ஒரே டோக்கன். நரிகள் கழுத்தையும் வாலையும் வேலிக்கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரே நீள உடம்பாக வரிசையில் வந்து நின்றன. நடுவில் இரண்டு நண்டுகள் தொங்கின. ஆளுக்கு ஒரே ஒரு வெட்டுப்பல்.

"இது என்ன?" என்றது ஆமை.

"அரைக் கத்தரிக்கோலுங்க. தனியா வாழைப்பழத்தைக்கூட வெட்டாது," என்றது முன்னால் நின்ற நரி.

தடைப் பட்டியலில் கத்தரிக்கோல் இருந்தது. அரைக் கத்தரிக்கோல் இல்லை. "சரி, இடிக்காம போங்க," என்றது ஆமை.

உள்ளே போனதும் நண்டுகள் வயிறோடு வயிறு ஒட்டிக்கொண்டன. இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு வாய் திறந்தது. நம் ரத்தத்தில் ஏறும் சில வைரஸ்களும் இப்படித்தானாம். புரதங்களை ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டு, பாதியும் பாதியும் சேர்ந்தால்தான் வேலை செய்யும் ஒரு நொதியால் வெட்டிப் பிரித்துக்கொள்ளுமாம். எந்த நரி சொல்லிக்கொடுத்ததோ.

நரிகளின் கம்பிக்கட்டை வெட்டிவிடத்தான் அந்த வாய். கோழி பார்த்தது: முறுக்கிய கம்பி மாதிரி எது இருந்தாலும் அந்த வாய் கவ்வப் போகிறது. வெட்டுக்கிளி பிடிக்க வைத்திருந்த பலாப்பிசினை அப்படியே முறுக்கி நீட்டியது. வாய் கவ்வியது, ஒட்டிக்கொண்டது. கட்டு அவிழாத நரிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நின்ற இடத்திலேயே நின்றன.

கோழி வாசலுக்கு ஓடியது. "ஐயா, ஆறு நரி உள்ள வந்திருக்கு. வெளியேத்துங்க."

"நான் கிழிச்சது ஒரு டோக்கன். அப்ப வந்தது ஒருத்தர். முறையா வந்தவரை எப்படிம்மா வெளியே தள்றது?"

பிசின் ஒரு நாள்தான் தாங்கும். மறுநாள் புதிதாக வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் நண்டுகள் தாடையைச் சற்றே கோணலாக்கிக்கொண்டன, பலாப்பிசின் வழுக்கியது. கோழி முருங்கைப்பிசினுக்கு மாறியது. குஞ்சுகள் வளர்ந்தன. நரிகளுக்கும் காடு பழகிவிட்டது. "இன்னைக்கு ஏம்மா லேட்டு?" என்று கேட்கத் தொடங்கின.

அந்த வருடம் சிறந்த காவலர் விருது ஆமைக்குக் கிடைத்தது. விழாவில் நரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டின. கோழி வரவில்லை. அது பிசின் முறுக்கிக்கொண்டிருந்தது.

நீதி: உள்ளே வந்துவிட்ட எதிரியை விரட்ட முடியாவிட்டால், தினமும் அவன் வாயில் எதையாவது திணித்துக்கொண்டிருங்கள். அதற்குப் பெயர்தான் அமைதி.