மார்க் போடாத ஊர்ப் பள்ளிக்கூடம்

"அப்பா பேர் எழுதற இடத்துல கோடு போட்டிருக்கீங்க, சரி. மார்க் எழுதற இடத்துலயும் கோடு போட்டா எப்படி சார்?"

பள்ளி அலுவலகத்தின் சேர்க்கை கிளார்க் விண்ணப்பத்தைத் திருப்பி நகர்த்தினார். எதிரே நின்றவர் லிப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்றுபோன லிப்டை அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார். இந்த நாலு பக்க விண்ணப்பமோ மூன்று நாளாக அவரையே அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தது.

"பொண்ணு படிச்ச வெளிநாட்டு ஸ்கூல்ல மார்க் போட மாட்டாங்களாம்."

"மார்க் இல்லாம யார் பாஸ், யார் பெயில்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் பாஸாம்."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எல்லாரும் பாஸுன்னா அது பள்ளிக்கூடம் இல்ல சார், பஸ் ஸ்டாண்டு."

மெக்கானிக்கின் கையைப் பிடித்தபடி ஒன்பதரை வயதுச் சிறுமி நின்றிருந்தாள். அவருடைய அக்கா மகள். அவர் 'குட்டி' என்பார். விண்ணப்பத்தில் அவர் எழுதியதையெல்லாம் எட்டிப் பார்த்து ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். அதனால்தான் 'தாய்' என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை அவரால் எழுத முடியவில்லை. பெயர், தொழில் நர்ஸ், இருப்பது வெளிநாடு என்று எழுதி நிறுத்திவிட்டார்.

அக்கா இறந்துபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது. குளிர்நாட்டில் ஆஸ்பத்திரி வேலை. புருஷன் குழந்தை பிறக்கும் முன்னாலேயே விலகிப் போனவன். ஒரு நாள் காலை வேலைக்கு நடந்துபோகும்போது பனியில் சறுக்கி வந்த லாரி. செய்தி வந்த நேரத்தில் மெக்கானிக் லிப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். விசா கிடைப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் குழந்தையை விமானத்தில் கூட்டி வந்து ஒப்படைத்துவிட்டு, அடுத்த விமானத்துக்கு ஓடினார். அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அவருக்கு. இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டினதோடு சரி.

குழந்தை அழவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பாவம், யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று மெக்கானிக் முடிவு கட்டினார். டாக்ஸியில் ஏறியதும், யாரும் கேட்காமலே சொன்னார்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. உடம்பு தேற கொஞ்ச நாள் ஆகும். அப்புறம் வந்துடுவா."

குட்டி அவர் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவர் கைமேல் தன் கையை வைத்து, "சரி மாமா" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் காலையில், கல்யாணமே ஆகாத அந்த மனிதர் லிப்ட் கயிற்றை முறுக்குவதுபோல அவள் தலையை முறுக்கிப் பின்னிவிடும்போது, "இப்படிப் பின்னினா அம்மா வந்து திட்டப் போறா" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அவளும் "திட்ட மாட்டா மாமா" என்பாள்.

"வயசுப்படி பார்த்தா அஞ்சாம் கிளாஸ்" என்றார் கிளார்க். "இவங்க ரிப்போர்ட்படி ரெண்டாம் கிளாஸ்தான் முடிச்சிருக்கா. ரெண்டு வருஷம் எங்க போச்சு?"

"அங்க ஏழு வயசுலதான் பள்ளிக்கூடமே ஆரம்பிப்பாங்களாம்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவாங்க?"

மெக்கானிக் குட்டியைப் பார்த்தார். "விளையாடுவோம்" என்றாள் குட்டி.

கிளார்க்கின் முகத்தில் ஒரு கணம் ஏக்கம் மாதிரி ஏதோ வந்துபோனது. "எங்க பையன் மூணு வயசுல நுழைவுத் தேர்வு எழுதினான்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் போட்டால் குட்டியின் முழங்கால் பெஞ்சில் இடிக்கும். சின்னப் பிள்ளைகள் 'அக்கா' என்று கூப்பிடும். அப்பன் இல்லை, அம்மாவும் போய்விட்டாள், வகுப்பும் பறிபோக வேண்டுமா என்று மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் மனிதன் ஆழம் தெரியாமல் காலை விடுகிறான்.

"ரிப்போர்ட்டுல எழுதியிருக்கறதைப் படிக்கச் சொல்றேன். அதுக்கு நீங்களே பார்த்து மார்க் போட்டுக்குங்க" என்றார்.

"பிள்ளை ரிப்போர்ட்டைப் பிள்ளையே படிக்கறதா? தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதற மாதிரி." ஆனாலும் கிளார்க் பேனாவைத் திறந்தார். அவருக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குட்டி அந்த ஊர்ப் பாஷையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "மத்தவங்க பேசறப்போ நல்லாக் கேட்டுக்கறா."

"கவனம். கணக்குல தொண்ணூறு போடலாம்."

"புதுசா வந்த பிள்ளைங்களைத் தன் பக்கத்துல உட்கார வச்சுக்கறா."

"அது எந்தப் பாடத்துல வரும்?"

"சமூக அறிவியல்" என்றார் மெக்கானிக்.

"எண்பத்தஞ்சு."

"விளையாட்டுல தோத்தாலும் சிரிக்கறா."

கிளார்க் யோசித்தார். "தோத்ததுக்கு மார்க் கொடுக்க முடியாது சார். பாஸ் மார்க் போட்டுடறேன்."

அப்படித்தான் குட்டி ஐந்தாம் வகுப்பில், அதுவும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கிப் போடும் 'ஏ' பிரிவில் போய் உட்கார்ந்தாள்.

முதல் வாரமே புகார் வந்தது. டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். "அங்க அப்படித்தான் மாமா. அவங்களுக்குப் பேர் இருக்கே" என்றாள். இரண்டாம் வாரம் இன்னொரு புகார். இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் மட்டும் வெளியே போய் மைதானத்தின் நடுவில் நின்றிருக்கிறாள்.

"ஏம்மா மழையில நின்னே?"

"அங்க மழை பெஞ்சாலும் எல்லாரும் வெளிய வந்து விளையாடணும். வருவாங்கன்னு பார்த்தேன்."

"யாரும் வரலியா?"

"ஆயாம்மாதான் வந்தாங்க. குடையோட."

பள்ளிக்கு ஒரு ஆயாம்மா இருந்தாள். மணியடிப்பது, கூட்டுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் அவள்தான். மாமா வேலை முடிந்து வர ஐந்து மணி ஆகும் என்பதால், பள்ளி விட்ட பிறகு குட்டி தினமும் ஆயாம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாம் வாரம் கணக்குப் பரீட்சை. குட்டிக்கு வகுத்தல் வராது. பெருக்கல் நன்றாக வரும். பக்கத்து பெஞ்சில் இருந்தவளுக்கு நேர்மாறாக வரும். குட்டி எழுந்துபோய் அவளிடம் உட்கார்ந்து, உரக்கவே பேசி, ஆளுக்குப் பாதியாகக் கணக்கைப் போட்டு முடித்து, ஒரே விடைத்தாளில் இரண்டு பெயரையும் எழுதிக் கொண்டுபோய் டீச்சரிடம் சிரித்த முகத்தோடு நீட்டினாள்.

தலைமையாசிரியை மெக்கானிக்கை வரவழைத்தார்.

"அங்க தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லித் தரணுமாம் மேடம். இல்லேன்னாதான் டீச்சர் கோவிச்சுப்பாங்களாம்."

"இங்க அதுக்குப் பேர் காப்பி. கணக்குல தொண்ணூறு வாங்கின பொண்ணுக்கு வகுத்தல் எப்படி வராம இருக்கும்?"

மெக்கானிக்குக்குக் கிளார்க்கைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. "அவ அம்மா அங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. அதனால மனசு சரியில்ல" என்றார்.

தலைமையாசிரியையின் குரல் இளகியது. விதி மட்டும் இளகவில்லை. "எச்சரிக்கைக் கடிதம் தரேன். அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணும். மாமா போடக் கூடாது. எத்தனை நாளானாலும் பரவாயில்ல."

எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்றதை மட்டும் மெக்கானிக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்த லிப்ட் மோட்டார் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அக்கா முன்பு அனுப்பியிருந்த ஒரு கடிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவின் கையெழுத்து கடைசியில் வாலை நீட்டிக்கொண்டு போகும். சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பழகினார். ஏழாம் வகுப்பில் அவர் கணக்கில் பெயிலானபோது, அப்பாவின் கையெழுத்தை அக்காதான் போட்டுக் கொடுத்தாள். "அழாதேடா, மூக்கை ஒழுக விட்டு மையைக் கலைச்சிடாதே" என்றாள். இன்றைக்கும் மை கலையாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. பன்னிரண்டாம் முறை கையெழுத்து அச்சாக அமைந்துவிட்டது. அக்காவே வந்து போட்டதுபோல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தார். தலைமையாசிரியை கடிதத்தைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் கொடுத்த கடிதம். அம்மா கடல் தாண்டி ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னீங்க. இன்னிக்குக் கையெழுத்தோட வந்திருக்கு."

மெக்கானிக் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார்.

"அக்கா வந்துட்டாங்க மேடம்."

"அப்படியா, ரொம்ப நல்லது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நேர்லயே பேசிடலாம்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. பூதமாவது கூப்பிட்டால் வரும். அக்கா எங்கிருந்து வருவாள்?

அவர் பராமரிக்கும் கட்டடம் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண்மணி இருந்தார். அக்கா வயதுதான். வியாழக்கிழமை மெக்கானிக் அவரிடம் போய், அரை மணி நேரம் தனக்கு அக்காவாக வர முடியுமா என்று கேட்டார். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"வரேன் தம்பி. ஆனா உங்க அக்கா எப்படிப் பேசுவாங்க, எப்படி நடப்பாங்கன்னு சொல்லுங்க. குழந்தை எதிர்ல இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

மெக்கானிக் சொல்ல ஆரம்பித்தார். "வேகமாப் பேசுவா. பேசறப்போ எதிர்ல இருக்கறவங்க சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கிட்டே பேசுவா. என்னை இப்பவும் 'டேய் மூக்கொழுகி'ன்னுதான்..."

அதற்கு மேல் வரவில்லை. செய்தி கேட்ட அன்றைக்கும் அவர் அழவில்லை. மற்ற லிப்டுகள் காத்திருந்தன. பிறகு குழந்தை வந்துவிட்டாள், அவள் எதிரில் அழக் கூடாது. நாலு மாதமாக அடக்கி வைத்தது அத்தனையையும், அந்தக் கட்டடத்து மாடிப்படியில் பட்டப்பகலில் உட்கார்ந்து அழுது தீர்த்தார். படியேறிப் போனவர்கள், லிப்ட் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

வரவேற்பு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தனியாவே போங்க தம்பி. உள்ளதைச் சொல்லிடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் தனியாகப் போனார். தலைமையாசிரியை அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"அக்கா எங்கே?"

"அக்கா இல்ல மேடம். செத்துப்போய் நாலு மாசமாச்சு. கையெழுத்து நான் போட்டது. மார்க்கும் நான் போட வச்சதுதான். கிளார்க் சார் மேல தப்பில்ல."

எல்லாவற்றையும் சொன்னார். ஆயாம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. தலைமையாசிரியை எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"குழந்தையை எந்த வகுப்புல போட்டா நல்லதுன்னு நாங்க பார்த்துக்கறோம்" என்றார். "அவளுக்கு இது எதுவும் தெரியாதா?"

"தெரியாது மேடம். யாரும் சொல்லல. நானும் தினம் அம்மா வருவா, வருவான்னு சொல்லிச் சொல்லி, இப்ப எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கறேன். தயவுசெஞ்சு இங்க யாரும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டோம். ஆயாம்மா, உனக்கும்தான்."

ஆயாம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த ஊர் ஸ்கூல்ல டீச்சரே மடியில உட்கார வச்சுச் சொல்லிட்டாங்களாம் சார், குட்டி வந்த முதல் நாளே எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா — 'அம்மா செத்துப்போனது எங்க மாமாவுக்கு இன்னும் தெரியாது ஆயாம்மா, யாரும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அவர் தாங்க மாட்டாரு'ன்னு."