மோட்டாருக்கு அமாவாசை இல்லை

பாசத்திலும் படிப்பிலும் குறைவில்லாத அண்ணன் கமலக்கண்ணன் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து தங்கை தேவிப்ரியா வணங்கி எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, குழந்தை அபி, பொங்கலுக்கு வந்தபோது நீ தறியில் மாட்டிவிட்டுப் போன மோட்டார், நால்வரும் நலம். நால்வரில் மோட்டார் மட்டும் நிஜமாகவே நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனைத் தொடவே பயமாக இருக்கிறது, காரணம் கீழே வருகிறது. அபி தூங்கிவிட்டாள், புது ஸ்கூல் ஷூவைக் கழற்றாமல்.

காலால் மிதித்து மாதம் இரண்டு சேலை நெய்கிறவர் இனி நாலு நெய்வார், கூலி இரட்டிப்பாகும், ஜூனில் அபிக்கு எல்.கே.ஜி. என்று நீதானே சொன்னாய்? நானும் பி.காம். படித்தவள், உற்பத்தியும் கூலியும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறுவதாகப் பரீட்சையில் இரண்டு கோடு வரைந்து முழு மார்க் வாங்கியவள், நம்பி மறுநாளே ஷூ வாங்கிவிட்டேன். அதற்குள் எங்களுக்கு முன்பே மோட்டார் போட்டிருந்த எதிர்வீட்டு சிவகுமார், மாதம் முடிவதற்குள் நாலு சேலையைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். எங்கள் தெருவுக்கே பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் வீரபாகுதான் முதலாளி, இவருக்கு ஒரு வழியில் மாமா முறை. அவர் சிவகுமாரை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, முதுகில் தட்டி, இனி சேலைக்குப் பாதிக் கூலி என்று சொல்லி அனுப்பினார். நாலு சேலைக்கு இரண்டு சேலைக் கூலி, அதோடு ஒரு டீ.

அதைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு யோசனை செய்தேன், என் படிப்பு உபயோகப்பட்ட ஒரே இடம் அது. மோட்டார் விஷயத்தை வெளியே விடுவதில்லை, காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேகமாக நெய்வது, பழையபடி மாதம் இரண்டு சேலை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது, மதியத்துக்கு மேல் இவர் பஸ் ஸ்டாண்டில் வாடகை ஆட்டோ ஓட்டுவது. ஆனால் மதியம் எங்கள் வீட்டுத் தறி மட்டும் ஊமையாக இருந்தால் தெரு சும்மா இருக்குமா? பழைய மிதி தறிச் சத்தத்தை ஒரு பழைய போனில் பதிவு செய்து, தினமும் இரண்டு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி அலாரத்தில் போட்டு, ஸ்பீக்கரோடு சேர்த்துத் தறிக்கு அடியில் வைத்துவிட்டேன். தெருவில் எல்லாரும் இவரை நினைத்து, தனசேகரன் மாதிரி உழைப்பாளி உண்டா, மாடு மாதிரி மிதிச்சிகினு கீறாரே என்று பரிதாபப்பட்டார்கள். எல்.கே.ஜி. பணமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

போனில் ஞாயிற்றுக்கிழமைக்கு அலாரத்தை நிறுத்த வசதி இருக்கிறது அண்ணா. அமாவாசைக்கு இல்லை. போன மாதம் அமாவாசை, தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை, நம் அப்பா காலத்திலிருந்தே அன்றைக்குத் தறியைத் தொட மாட்டோம் என்று உனக்குத் தெரியாதா. இவர் ஆட்டோவோடு போய்விட்டார், எனக்கும் மறந்துபோனது. இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது. சாமிக் குத்தம் வந்துவிட்டது என்று தெருவே வாசலுக்கு வந்தது. கோயிலுக்கு வந்திருந்த வீரபாகு மாமா நேரே உள்ளே நுழைந்தார். தறிமேல் துணி மூடியிருக்கிறது, ஆளில்லை, சத்தம் மட்டும் வருகிறது.

"இன்னாம்மா தேவி, பேய் நெய்துகினு கீதா?"

நான் தறிமேல் துணியை இன்னும் இழுத்து மூடினேன். அபிதான் ஷூ சத்தத்தோடு ஓடிவந்து, "தறி போன்ல கீது தாத்தா," என்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

மாமா துணியை விலக்கி மோட்டாரைப் பார்த்தார். கோபித்திருந்தால் பரவாயில்லை, சிரித்தார். பாதி நாளில் முடிகிற வேலைக்குப் பாதிக் கூலிதான் நியாயம் என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சேலை விலையைப் பாதியாக்கினீங்களா மாமா?"

"பட்டு ஏறிடுச்சு, ஜரிகை ஏறிடுச்சும்மா. எல்லாம் ஏறுது, நான் இன்னா பண்றது?" என்றவர், டீ இருக்கா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டுத்தான் தெருவுக்கே பாதிக் கூலி என்று அறிவித்தார், மோட்டாரே இல்லாமல் இன்னும் காலால் மிதிக்கும் பலராமன் அண்ணனுக்கும் சேர்த்து. போகிறபோது, அமாவாசையிலும் ஓட ஆசைப்படுகிற தறியைத் தடுக்க நான் யார் என்றார். அன்றிலிருந்து தெருவில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. குழாயடியில் நான் வந்தால் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்பெனியில் ஒரு மெஷின் பார்த்துக்கொண்டிருந்த நீ இப்போது இரண்டு பார்ப்பதாகச் சொன்னாய், சம்பளம் கூடியதா என்றால், சிறந்த தொழிலாளி என்று நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டியிருக்கிறார்கள் என்றாய். அப்படிப்பட்டவன் எந்த தைரியத்தில் எங்கள் வீட்டுக்கு மோட்டார் கொண்டுவந்தாய்? வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வந்து அதைக் கழற்றிக்கொண்டு போ. அதை நீயே வைத்துக்கொள், அல்லது உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டு. அது இருக்கிற வீட்டில் நான் இருக்க மாட்டேன். இது முடிவு.

அண்ணிக்கு என் அன்பு. உன் உடம்பு நன்றாக இருக்கட்டும், உன் மெஷின்கள் அவ்வப்போது பழுதாகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கை
தேவிப்ரியா

பின்குறிப்பு: விடிந்துவிட்டது, தபாலில் சேர்ப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். மோட்டாரைக் கழற்ற வராதே. காலால் மிதித்தாலும் இனிமேல் பாதிக் கூலிதான். நாலு சேலை நெய்தால்தான் பழையபடி சோறு, ஐந்தாவது நெய்தால்தான் எல்.கே.ஜி. அதனால் இவர் ஆட்டோவை விட்டுவிட்டார். இதைவிட வேகமாகச் சுற்றுகிற மோட்டார் இருக்கிறதா என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவா. இன்றைக்கு அமாவாசை. தெருவில் எல்லாத் தறியும் ஓடுகிறது.