வெளியே போ, முதலாளி!

பிராக்கன்ஷா டவுன் கால்பந்துக் கழகத்தின் முன்னாள் முதலாளிகளை நடுநிலையோடு மதிப்பிடும் குழு, மைதானத்துக்கு எதிரே உள்ள மதுக்கடையில் உரிய கண்ணியத்துடன் கூடியது. தலைவர் நெவில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சந்தையில் கம்பளம் விற்கும் நானும் உறுப்பினன்.

எங்களுக்கு ஒரு மரபு உண்டு. இரண்டாம் பாதியில் கால் மணி நேரம் ஆனதும் கூட்டம் முழுக்க எழுந்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் உச்சியிலிருக்கும் முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்து, "வெளியே போ!" என்று கத்தும். எத்தனையோ பேரை இப்படித்தான் அனுப்பிவைத்தோம்.

"முதல்ல இறைச்சி ஆலை க்ளெக்," என்றார் நெவில்.

"மைதானத்துக் கூரையைப் பிரிச்சு வித்த படுபாவி!" என்றேன்.

"இருந்தாலும் மனுசன் மழையில நம்மகூடவே நனைஞ்சாரேப்பா," என்றாள் மதுக்கடைக்காரி டாரீன்.

"கூரையை வித்தவன் நனையாம என்ன பண்ணுவான்?"

குழு பதிவு செய்தது: க்ளெக், மகான்.

அடுத்து சோபாக் கடை பிரிக்ஸ். எங்கள் சிவப்புச் சட்டையை மஞ்சளாக்கியவர். அவர் காருக்கு முன்னால் நானே படுத்து மறித்திருக்கிறேன். "மஞ்சளா இருந்தாலும் சாயம் போகலையே," என்றார் நெவில். அவரும் மகான்.

ஆக, ஓர் உண்மை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. முதலாளி இருக்கும்வரை திருடன், போனபின் மகான். எனவே இப்போதிருக்கும் பெண்டில்பரியையும் மகானாக்கிவிட்டு, வேறு திருடன் நுழையாதபடி கழகத்தை ரசிகர்களாகிய நாங்களே வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. பேரம் பேச என்னை அனுப்பினார்கள்.

கத்தல் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த பெண்டில்பரி, "ஒரே ஒரு பவுண்டு குடுத்துட்டு எடுத்துக்கோங்க," என்றார்.

"ஒரு பவுண்டா? ஒழுகுற கக்கூஸோடவா? அரை பவுண்டு, அம்பது பென்ஸ்தான். புல் வெட்டுற வண்டியும் சேர்த்து!"

உடனே கைகுலுக்கினார். எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தைந்து கேட்டிருக்கலாம்.

ரசிகர்கள் எல்லாரும் பங்குதாரர் ஆனோம். வந்தது பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிழைப்போம், இல்லையேல் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுவோம். கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் கால் மணி நேரம் ஆனது. எங்கள் மொத்தக் கூட்டமும் எழுந்து திரும்பியது.

"வெளியே போ!"

கண்ணாடி அறையில் காலி நாற்காலி.

"யாரைய்யா திட்டறோம்?" என்று டாரீன் என் காதில் கத்தினாள்.

"முதலாளியை!"

"முதலாளி நாமதானே?"

"அதுக்காக விட்டுட முடியுமா? கத்து!"

முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆட்டக்காரர்களின் ஆரவாரம். திரும்பினால் பந்து எதிரணியின் வலைக்குள் கிடந்தது. அந்த ஒரு கோலில் பிழைத்தோம். யார் அடித்தான், எந்தக் காலில் அடித்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எதிரணி ரசிகர்களிடம் போய்க் கேட்டோம்.

"என் ஆயுசுல இப்படியொரு கோலைப் பார்த்ததில்லய்யா," என்று அழுதான் ஒருவன்.

குழு மறுபடி கூடியது. "பெண்டில்பரி காலத்துல இப்படி ஒரு கோலைப் பார்க்காம கோட்டைவிட்டிருக்கோமா?" என்று கொதித்தார் நெவில்.

"அவர் காலத்துல கோலே விழலையேப்பா," என்றாள் டாரீன்.

"அதான் சொல்றேன்! மனுசன் நம்மள ஏமாத்தவே இல்ல!"

பெண்டில்பரி, மகான். இப்போதைய முதலாளிகளை உடனே வெளியேற்றக் கோரும் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவன் நான்தான். வாங்க யாராவது வந்தால், ஒரு பவுண்டுக்குக் கீழே பேசவே மாட்டேன்.