பதினோராவது கட்டத்தில் நான் எழுதியது

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே என் மகள் உங்களைப் பேச விடுகிறாள் என்றால் நீங்களும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வார்டு உறுப்பினர் தேர்தலில் நான் நிற்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருஷம் ரிக்கார்டு ரூமில் குப்பை கொட்டியவனுக்கு இது ஒன்றுதான் ஆசை. எதிரே நிற்பது யார் தெரியுமா? கிடங்குப் பூட்டை உடைத்து மூன்று வருஷம் உள்ளே இருந்த ஆசாமி. 'பூட்டு' என்றால்தான் தெருவுக்கே தெரியும். தண்டனை வாங்கியவனெல்லாம் பதவிக்கு வந்தால் உருப்படுமா என்று எட்டுப் பக்கம் ஆட்சேபணை எழுதிக்கொண்டு மனுப் பரிசீலனைக்குப் போனேன்.

அதிகாரி முதலில் பூட்டின் மனுவைப் பிரித்தார். மாப்பிள்ளை, நான் அசந்தே போய்ட்டேன்! பதினோராவது கட்டம், 'நீதிமன்றம் எப்போதாவது உங்களைத் தண்டித்ததுண்டா?' அதற்கு வழக்கு எண், உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, தீர்ப்பு நகல்கள், எல்லாம் வரிசையாகத் துளை போட்டு, நாடா கட்டி, பக்க எண்ணோடு. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கோப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. "செஞ்சதெல்லாம் எழுதிட்டேங்க. படிச்சிட்டு ஜனங்க வேண்டாம்னா விட்டுடட்டும்" என்கிறார் மனுஷன், பதற்றமே இல்லாமல்.

அடுத்து என் மனு. பதினோராவது கட்டம் காலி! நமக்கென்ன இருக்கிறது என்று அலட்சியமாக விட்டிருக்கிறேன். "காலியா விட்டா மனு செல்லாது சார். மூணு மணி வரைக்கும்தான் நேரம்" என்கிறார் அதிகாரி. மணி ரெண்டு அம்பத்தெட்டு. என் பேனா எழுத மாட்டேங்குது. அந்தப் பூட்டுதான் ஓடி வந்து தன் பேனாவை நீட்டி, "'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கண்ணே, சீக்கிரம்!"னாரு. போட்டேன். மனு தப்பித்தது. எட்டுப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். இவரைப் போன்றவர்கள் நிற்கலாமா என்று இனி யாராவது கேட்டால், தாராளமாக நிற்கட்டும், இப்படி எழுதிவிட்டு நிற்கட்டும் என்பேன். என்ன இருந்தாலும் ஜெயிக்க வேண்டியது கோர்ட் வாசலே மிதிக்காத நான்தான்.

என் மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதைப் படித்த உங்கள் அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் சைக்கிளில் டபுள்ஸ் போய் மாட்டிக்கொண்டு, கோர்ட் கலையும்வரை மூலையில் நிற்கும்படி எனக்குத் தண்டனை கொடுத்தார்களாம். கொடுத்தார்கள்தான். பின்னால் உட்கார்ந்து வந்தவளே சொல்லும்போது எப்படி மறுப்பது? இப்போது பொய் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே வேட்பாளர் நான்தான். செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். தீர்ப்பு நகல் எங்கே வாங்குவது என்று அந்தப் பூட்டிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.