ஊ நட்டுவின் எட்டுச் சுற்று

யாங்கூனில் உருளும் சக்கரம் எதுவானாலும் அதற்குத் தான்தான் பொறுப்பு என்று நினைத்த ஒரே மனிதர் ஊ நட்டு. போட்டாதாங்கில் எங்கள் தெருமுனையில் டயர்க் கடை வைத்திருந்தார். நாங்கள் 'நட்டு' என்றோம். பர்மியர்கள் மரியாதைக்கு முன்னால் ஒரு 'ஊ' சேர்த்தார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். 'ஊருக்கெல்லாம் நட்டு முடுக்குகிறவருக்கு மரை கழன்றுவிட்டது' என்பது எங்கள் தெருவின் நிரந்தர நகைச்சுவை.

ஒரு கல்யாணத்தில், பூ அலங்காரத்தோடு வந்த மணப்பெண்ணின் காரை கோயில் வாசலிலேயே மறித்துவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நட்டுகளை முடுக்க ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா கத்தினார்.

"யோவ், முகூர்த்தம் போகுதுய்யா!"

"இது போனா இன்னொண்ணு வரும். சக்கரம் போனா பொண்ணு என்ன ஆவுறது?"

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சக்கரம் பார்ப்பார். ஒருநாள் கண்டக்டர் பொறுமையிழந்து அவரை விட்டுவிட்டே போய்விட்டார். இவர் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து, வியர்க்க விறுவிறுக்க பஸ்ஸைக் கண்டுபிடித்து, "பின்னால நாலாவது நட்டு லூசு" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

தன்லியினுக்கு அப்பால், ஒரு தொழிற்சாலையின் தனிச் சாலையில், ஞாயிறு காலைகளில் நாங்கள் டிராக் ரேஸ் ஓட்டுவோம். இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பி, கால் மைலை யார் முதலில் கடக்கிறார் என்ற போட்டி. கிளம்பும் நொடியில் இன்ஜினின் மொத்த முரட்டுத்தனமும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற மரையாணிகளின் மேல்தான் இறங்கும். அதனால் ரேஸை நடத்தும் கிளப்காரர்கள் சக்கரப் பரிசோதனைக்கு ஊ நட்டுவை வைத்தார்கள். மிட்டாய்க் கடையைக் குழந்தை பேரில் எழுதிவைத்ததுபோல ஆயிற்று.

தலை மூடிய பளபளப்பான நட்டு அவருக்கு ஆகவே ஆகாது. "ஸ்டட் முனை கண்ணுல தெரியணும் தம்பி. மூடி வெச்சா உள்ள எவ்வளவு மரை பிடிச்சிருக்குன்னு நான் என்ன ஜோசியமா பாக்குறது?"

ஸ்டட் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு நீளத்துக்காவது நட்டு அதைப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் ஜப்பான் கார்களின் பன்னிரண்டு மில்லி ஸ்டட்டில் அது எட்டுச் சுற்று. நட்டைக் கழற்றும்போது ஊரே கேட்கும்படி எண்ணுவார். ஏழரையில் கழன்றுவிட்டால், "ஏழரை! வீட்டுக்கு ஓட்டு!" என்பார். ஏழரை என்றதுமே தமிழன் சனிக்குப் பயந்து கிளம்பிவிடுவான். பர்மியர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அரைச் சுற்றுக்காக அரைமணி கெஞ்சுவார்கள்.

நான் கெஞ்சவில்லை. ஏமாற்றினேன்.

புதிதாக அகலச் சக்கரங்கள் வாங்கியிருந்தேன். அவை உள்ளே உரசாமலிருக்க ஸ்பேசர் என்ற வட்டத் தகட்டை நடுவில் வைக்க வேண்டும். அந்தத் தகட்டின் கனம் ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிட, நட்டுக்கு ஐந்து சுற்றுதான் மிஞ்சியது. ஆகவே பழைய சக்கரங்களைக் காட்டி அவரிடம் "எட்டு!" வாங்கிக்கொண்டு, தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் போய்ப் புதியவற்றை மாட்டினேன்.

கொடி இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். என் இடது பின்சக்கரம் என்னை முந்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். கார் ஒருபக்கம் சாய்ந்து விழுந்து, தீப்பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய் மணல் மூட்டைகளில் மோதியது. என் தோள் எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

முதலில் ஓடிவந்தவர் ஊ நட்டு. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப வலிக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது கிளப் தலைவர் அவரைப் பார்த்துப் பர்மிய மொழியில் கேட்டது காதில் விழுந்தது. "ஊ நட்டு, நீங்கதானே பாத்து விட்டீங்க?"

"ஆமா, நான்தான் பாத்தேன்."

அன்றோடு அவரை விலக்கிவிட்டார்கள். 'கிழவருக்குக் கண் போய்விட்டது' என்றார்கள். செய்தி பரவி, கடைக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். நான் கட்டுப்போட்ட தோளோடு வீட்டில் படுத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே எட்டு மாதத்தை ஓட்டினேன். கடைசியில் நான் கிளப்பில் போய் உண்மையைச் சொன்னபோது அவர் கடையை மூடிவிட்டு, கியாக்தானில் இருக்கும் மகளிடம் போய்விட்டிருந்தார்.

தேடிக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தித் தடுத்தார்.

"தெரியும் தம்பி. அந்தத் தகட்டை ரோட்டுலருந்து பொறுக்குனவனே நான்தான்."

"அப்ப ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

கிளப்காரர்கள் திரும்ப அழைக்கிறார்கள் என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டு, இனிமேல் குனிய முடியாது என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது கிளப்பில் வேறொருவர் சக்கரம் பார்க்கிறார். நல்லவர், கத்தமாட்டார். அன்றைக்கு மட்டும் நான் நேர்மையாக நின்றிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனிதரோடு அரைச் சுற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.