மூக்குத்திக்குள் புகுந்த பேய்

எரியுது. ஆனால் எரிச்சலா மணம்?

பொடியை முகர்ந்த ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்தாள். விஷக்காய்ச்சல் விட்டு ஒரு மாதம்; அது கொண்டுபோன வாசனை மட்டும் வரவில்லை. குழம்பு இன்னும் வெந்நீராகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தால் யாரோ அந்நியர் பிள்ளைபோல இருந்தது. அந்த வாசனை திரும்பி வர எதையும் கொடுப்பாள். கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

1918, கார்த்திகை. ஸ்ரீவைகுண்டம் ஆற்றங்கரையில் தேரோட்டம்போலக் கூட்டம். மூக்குச் செத்தவர்கள் அத்தனை பேரும் காசிலிங்கச் சித்தர் முன்னால். அவர் ஒரு பொடியை நீட்டுவார். முகர்ந்தவர் தும்மி, கண்ணீர் விட்டு, "வாசம் வந்துட்டு!" என்று குதிப்பார். வாசனை தின்னும் பேய் மூக்குத்திக்குள் ஒளிந்திருக்கிறதாம். பொன் மூக்குத்தியில் மட்டும். பித்தளை அதற்கு ஒத்துக்கொள்ளாது. விவரமான பேய்! கழற்றிச் சொம்பில் போட்டவற்றைச் சித்தர் தனியாகப் போய் ஆற்றில் விடுவாராம். காய்ச்சலில் போன தம் மூக்கையும் இப்படித்தான் மீட்டாராம்.

"கழத்திக் குடுட்டி," என்றான் கணவன் ஐயம்பெருமாள். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன்.

"பொறுங்க. இது நீங்க ஈயத்துக்குப் போடுத நவச்சாரம்லா? சுண்ணாம்போட தேச்சா நம்ம வீட்லயும் இப்படித்தான எரியுது?"

"பைய பேசுட்டி. சாமி காதுல விழும்."

"காது நல்லாத்தான் இருக்கும். மூக்கப் பாப்போம்."

கருவாடு விற்கும் மரியம்மாளிடம் ஒரு பிடி வாங்கி, வாழையிலையில் மடித்துச் சித்தரிடம் நீட்டினாள். "சாமிக்குன்னு கொண்டாந்த கோயில் மல்லிகை."

சித்தர் கண்மூடி ஆழமாக இழுத்தார். "ஆகா! பெருமாள் சூடின பூவுலா! என்ன மணம்!"

காய்ச்சல் தொடாத நாலைந்து பேர் மூக்கைப் பொத்தினார்கள். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து பக்தியோடு சித்தர் மடியில் ஏறியது. ஆவுடை இலையைப் பிரித்தாள்.

"ஏ சாமி!" மரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கூர்ல இந்த மல்லிகைய மணல்ல காயப் போடுவோம்!"

கரையே சிரித்தது. பெண்கள் சொம்பைக் கவிழ்த்து அவரவர் மூக்குத்தியைத் தேடினார்கள். சித்தர் ஓடினார், பூனையும் விடவில்லை.

ஐயம்பெருமாள் மட்டும் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் ஒன் மூக்குத்திய ஆத்துல போட்டுருவமாட்டி? ஒருவேள பேய் இருந்துட்டுன்னா?"

ஆவுடை பிள்ளையின் தலையை முகர்ந்தாள். இன்னும் ஒன்றுமில்லை. வந்தால் தானாக வரட்டும். காய்ச்சல் எடுத்தது மூக்கை மட்டும்தான். மூளையை நாமாகத்தான் கழற்றிக் கொடுக்கிறோம்.

மூக்குத்தியின் திருகைப் பைய இறுக்கினாள்.

"மாட்டேன்," என்றாள்.